புழு மாவும் ஏரி மாவும்

“பாய், அந்தப் புழு போட்ட மாவு வந்துடுச்சா?”

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். எங்கள் வில்லியனூர் கடைத்தெருவில் ஹமீது பாயின் சூப்பர் மார்க்கெட். கடை நிறையக் கூட்டம். நான் பிஸ்கட் வரிசையில், சர்க்கரை இல்லாத பிஸ்கட்டைத் தேடுகிற பாவனையில் கிரீம் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குரலைக் கேட்டதும் கையில் இருந்த பாக்கெட் நழுவியது.

கேட்டவர் ரெஜினா அக்கா. சனிக்கிழமைதோறும் மாதா கோயிலுக்குப் போய்விட்டு, வரும் வழியில் வாரத்துச் சாமான் வாங்குபவர். நல்ல மனுஷி. குரல் மட்டும் ரயில் நிலையம் வரைக்கும் கேட்கும்.

ஃபிரிட்ஜ் பக்கம் நின்ற ஒரு இளம்பெண், கையில் எடுத்திருந்த மாவுப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள். முகம் சுளித்தாள். சத்தம் போடாமல் அதைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு, கீழ்த்தட்டில் இருந்த வேறு கம்பெனி பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனாள். அவளுக்குப் பின்னால் நின்றவரும் அப்படியே.

ரெஜினா அக்கா மட்டும் ரெண்டு பாக்கெட் புழு மாவைப் பையில் போட்டுக்கொண்டு சந்தோஷமாகக் கிளம்பினார்.

மாவில் புழுவா என்று பதறாதீர்கள். மாவு பத்தரை மாற்றுத் தங்கம். புழு இருந்தது கவரின் மேல்... லோகோவில்! அந்த லோகோவுக்கு ‘பிரமாதம்’ என்று சர்டிபிகேட் கொடுத்த மேதை, வாராவாரம் உங்களைப் படுத்தும் இந்த அடியேன்தான்.

கதை பாகூரில் ஆரம்பிக்கிறது. என் மனைவியின் தங்கை சுகந்தி அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள் கணவர், அதாவது என் சகலை குமரவேல், லோடு ஆட்டோ வைத்திருக்கிறார். சுகந்தி அரைக்கும் இட்லி மாவுக்கு ஒரு கை ராசி உண்டு. முதலில் பக்கத்து வீட்டுக்காக அரைத்தாள். பிறகு தெருவுக்கு. பிறகு பாகூர்க் கடைகளுக்கு. லைசென்ஸ் வாங்கினாள். இன்னொரு கிரைண்டர் வாங்கினாள். சோரியாங்குப்பத்தில் இருந்து இரண்டு பெண்களை வேலைக்குச் சேர்த்துக்கொண்டாள்.

பிரச்சினை அங்கேதான். பாகூர்க்காரர்கள் மட்டும் சாப்பிட்டால் ஒரு கிரைண்டர் போதும். இன்னொன்றும் ஓட வேண்டுமானால் வில்லியனூர் வேண்டும். இல்லையென்றால் அந்த இரண்டு பெண்களையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ‘வா’ என்று கூப்பிட்டுவிட்டு, ‘போ’ என்று எப்படிச் சொல்வது? சுகந்திக்கு அந்த நினைப்பிலேயே தூக்கம் போயிற்று.

ஹமீது பாயிடம் நான்தான் அழைத்துப் போனேன். பாய் மாவைத் தொட்டுப் பார்த்தார். மோந்து பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார்.

“மாவு அருமையா இருக்குதும்மா. ஆனா மொட்டைக் கவர்ல குடுத்தா எவன் வாங்குவான்? ஒரு மார்க் போட்டு எடுத்துகினு வா. ஃபிரிட்ஜ்ல நடுத்தட்டு உனக்கு. தீபாவளி வரைக்கும் பாக்கலாம். ஓடுச்சுன்னா அது உன் எடம். ஓடலேன்னா மனசுல வெச்சுக்காத... டவுன்லேருந்து ஒரு கம்பெனிக்காரன் அந்தத் தட்டைக் கேட்டு தெனம் போன் போட்டுகினு இருக்கான்.”

ஃபிரிட்ஜில் நடுத்தட்டு என்றால் சும்மா இல்லை. குனியவும் வேண்டாம், எம்பவும் வேண்டாம். கதவைத் திறந்தால் கை நேராக அங்கேதான் போகும். மாவு உலகத்தின் அமைச்சர் பதவி அது.

மார்க் போட வேண்டும். என்ன மார்க்?

ஞாயிற்றுக்கிழமை பாகூரில் குடும்பமே கூடியது. சுகந்தியின் மாமியார் முதல் ஆளாகப் பேசினார்.

“அம்மன் படத்தைப் போடு. யாரும் கொற சொல்ல மாட்டாங்க.”

“அத்த, மாவு தீந்ததும் கவரை எங்க போடுவாங்க? குப்பையில. அம்மனைக் குப்பையில போடுவாங்களா?”

மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். உண்மைதான். சாமி படம் போட்ட கேலண்டரையே வருஷம் முடிந்தபின் எறிய மனசு வராமல் பரணில் அடுக்கி வைக்கிற ஜனங்கள் நாம். மாவுக் கவரையும் அடுக்க ஆரம்பித்தால் வீட்டில் மனிதர்களுக்கு இடம் இருக்காது.

“சரி, ஒரு சூரியன் உதிக்கிறாப்புல போடலாம். காலையில இட்லி, காலையில சூரியன்,” என்றார் குமரவேல்.

“ஒரு கட்சிக்காரங்க மட்டுந்தான் வாங்குவாங்க. பரவால்லியா?” என்று கேட்டாள் சுகந்தி.

“அப்ப ரெண்டு வாழை இலை? தாமரை? மாம்பழம்?”

ஒவ்வொன்றுக்கும் சிரிப்புதான் வந்தது. பார்க்க லட்சணமாக இருக்கும் படங்களை எல்லாம் கட்சிகள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டன. சரி, நிறமாவது? சிவப்பு ஒருவருக்கு, பச்சை ஒருவருக்கு, நீலம் ஒருவருக்கு, மஞ்சள் ஒருவருக்கு, காவி ஒருவருக்கு. யாருக்கும் சொந்தமில்லாத நிறம் என்று பார்த்தால் சாம்பல்தான் மிச்சம். சாம்பல் நிறத்தில் இட்லி மாவு விற்க முடியுமா?

குமரவேல் விடவில்லை. வில்லியனூரில் தனக்குத் தெரிந்த ஃபிளெக்ஸ் கடைக்குப் போனார். அந்தத் தம்பி திறமைசாலிதான். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டரில் டிசைன் ரெடியாக வைத்திருக்கிறார். சுகந்தியின் போட்டோவை முட்டை வடிவத்துக்குள் வைத்து, சுற்றிப் பூ வைத்து, கீழே இரண்டு குத்துவிளக்கும் ஏற்றிக் கொடுத்துவிட்டார்.

அதை வாட்ஸ்அப்பில் பார்த்ததும் என் மனைவி அழவே ஆரம்பித்துவிட்டாள். “என் தங்கச்சி உசுரோட இருக்கா! எவன் போட்டது இதை?”

இந்த இடத்தில்தான் நான் மூக்கை நுழைத்தேன். என் நண்பரின் மகள் நிவேதா பெங்களூரில் டிசைனராக இருக்கிறாள். பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேதான். வீடியோ காலில் வந்தாள்.

“அங்கிள், லோகோன்னா ஸ்டாம்ப் சைஸ்லயும் தெரியணும், லாரி சைஸ்லயும் தெரியணும். கலரே இல்லாம ஜெராக்ஸ் எடுத்தாலும் அடையாளம் தெரியணும். ஒரு விஷயம் மட்டும் சொல்லணும். நாலு விஷயம் சொன்னா ஒண்ணும் மனசுல நிக்காது.”

நூற்றுக்கு நூறு சரி. இன்றைக்கும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

“உங்க பிராண்டோட கேரக்டர் என்னன்னு சொல்லுங்க ஆன்ட்டி,” என்று சுகந்தியைக் கேட்டாள்.

சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். “புளிக்காது,” என்றாள் சுகந்தி.

நாலைந்து நாளில் லோகோ வந்தது. மூன்றே மூன்று கோடுகள். அடர் நீலத்தில், நெளிந்து நெளிந்து, பக்கத்துப் பக்கத்தில், மேல்நோக்கி. கீழே சின்ன எழுத்தில் ‘சுகந்தி இட்லி மாவு’. அவ்வளவுதான். இட்லி வெந்ததும் சட்டியைத் திறந்தால் எழும்பும் ஆவி அது என்று நிவேதா விளக்கினாள். நான் சொக்கிப்போனேன். என்ன அடக்கம்! என்ன அழகு! “கண்ணை மூடிக்கிட்டு அச்சடி சுகந்தி,” என்றேன்.

கண்ணைத் திறந்துகொண்டு அடித்திருக்கலாம்.

பாயின் ஃபிரிட்ஜில் பாக்கெட்டுகள் நிமிர்ந்து நின்றன. முதல் வாரம் சுமார். அடுத்த வாரம் ரெஜினா அக்கா வந்தார், வாங்கினார், சமைத்தார், ருசித்தார். அதற்கடுத்த சனிக்கிழமை கடையே கேட்கும்படி ‘புழு மாவு’ என்று கேட்டார். குறையாகச் சொல்லவில்லை. பாவம், ஆசையாகத்தான் கேட்டார். அவர் கண்ணுக்குத் தெரிந்ததை அவர் சொன்னார்.

நான் பின்னாலேயே ஓடினேன். “அக்கா, அது புழு இல்லீங்க. இட்லியிலேருந்து வர்ற ஆவி.”

அவர் பையில் இருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து உற்றுப் பார்த்தார்.

“ஆவி இப்படியா சார் நெளியும்? இது புழுதான். அதனால இன்னா, மாவு நல்லாத்தானே கீது?”

மாவைப் பாராட்டுகிறவரோடு சண்டை போடவா முடியும்? அந்தப் பாராட்டால்தான் மாவு விற்காமல் நின்றது. ஒரு முறை காதில் விழுந்தபின் யாருக்குமே அது ஆவியாகத் தெரியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே தெரியவில்லை.

சுகந்தியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“மாமா... உளுந்தைத் தண்ணி தெளியற வரைக்கும் கழுவுறேன் மாமா. தலைக்குத் துணி கட்டிகினுதான் அந்தப் பொண்ணுங்க உள்ளயே வர்றாங்க. அதுக்குப் போயி புழுன்னு பேரா?”

அழுதாள். எனக்கு அவமானமாக இருந்தது. அழகாக இருக்கிறது என்று சொன்னவன் நான். அவமானப்படுவது அவள்.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. நான் பாயின் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஜனங்கள் எப்படிக் கேட்டு வாங்குகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டேன். பெயருக்குத்தான் சூப்பர் மார்க்கெட். பாதிப் பேர் வாசலில் நின்றபடியே குரல் கொடுத்துத்தான் வாங்குகிறார்கள்.

“கொக்கு போட்ட தீப்பெட்டி குடு பாய்.”

“மீசைக்காரர் போட்ட மொளகாத்தூள்.”

“அந்த ஜோக்கர் அப்பளம் ஒரு கட்டு.”

கம்பெனி பெயரை யாராவது சொன்னார்களா? என் காதில் விழவில்லை. கொக்கு, மீசை, ஜோக்கர். அவ்வளவுதான். படிக்கத் தெரியாதவர்கள் என்று நினைக்காதீர்கள். மீசைக்காரரைக் கேட்டவர் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. லோகோவை ஜனங்கள் கண்ணால் பார்ப்பார்கள் என்று நிவேதாவும் நினைத்தாள், நானும் நினைத்தேன். நம் ஊரில் அதை வாயால் சொல்கிறார்கள். சொல்ல ஒரு பேர் வேண்டும். நாம் கொடுத்தால் நாம் கொடுத்த பேர். கொடுக்காவிட்டால் விட்டுவிடுவார்களா? அவர்களே ஒன்று வைத்துவிடுவார்கள்!

தத்துவம் கிடைத்துவிட்டது. தீர்வு? அது கிடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் குமரவேலிடம் இருந்து போன்.

“சகலை, ஒரு அதிசயம். வில்லியனூர்லதான் சரக்கு திரும்பி வருது. இங்க பாகூர்ல பத்தவே இல்ல. முன்ன வித்ததை விட ஜாஸ்தி போவுது.”

அதே மாவு. அதே கவர். அதே மூன்று கோடு. வில்லியனூரில் முகம் சுளிக்கிறார்கள், பாகூரில் அள்ளிக்கொண்டு போகிறார்கள். பாகூர்க்காரர்களுக்குப் புழு பிடிக்குமா என்ன?

மறுநாள் பைக்கை எடுத்துக்கொண்டு கரிகலாம்பாக்கம் வழியாக பாகூர் போனேன். ஏரிக்கரையை ஒட்டி தனலட்சுமி என்பவரின் மளிகைக் கடை. சுகந்தியின் மாவு அதிகம் போவது அங்கேதான். ஒரு சோடா வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றேன். வயலில் இருந்து நேராக வந்த ஒருவர், தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தபடி கேட்டார்.

“தனம், ஏரி மாவு ஒண்ணு குடும்மா.”

என்ன மாவு?

தனலட்சுமி குனிந்து ஃபிரிட்ஜைத் திறந்தார். ஐஸ்கிரீம் வைப்பார்களே, மேலே கண்ணாடி மூடி தள்ளித் திறக்கும் நீளப் பெட்டி... அது. அதில் பாக்கெட்டை நிற்க வைக்க முடியாது. எல்லாம் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தன. ஒன்றை எடுத்து அப்படியே, படுத்த வாக்கிலேயே நீட்டினார்.

“அண்ணே, ஏரி மாவுன்னா?” என்று அவரைக் கேட்டேன்.

“இன்னா சார், பாத்தா தெரியலியா? நம்ம ஏரியைப் போட்டிருக்காங்க பாரு. அலை அடிக்குது!”

அவர் நீட்டிய பாக்கெட்டைப் பார்த்தேன். மூன்று நீலக் கோடுகள், ஒன்றின் கீழ் ஒன்றாக, நீளமாக, நெளிந்து நெளிந்து... தண்ணீர்! தலையைத் தூக்கினேன். சாலைக்கு அந்தப் பக்கம் காற்றில் அதே மாதிரி நெளிந்துகொண்டிருந்தது பாகூர் ஏரி.

நிமிர்ந்து நின்றால் புழு. படுத்தால் ஏரி.

சோடாவைப் பாதியில் வைத்துவிட்டு சுகந்தி வீட்டுக்கு ஓடினேன். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு பெண்களும் அரிசி கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாக்கெட்டை எடுத்து சுகந்தியின் முகத்துக்கு நேரே படுக்க வைத்துக் காட்டினேன். அவள் பார்த்தாள். பாக்கெட்டை வாங்கி நிமிர்த்தினாள். மறுபடி படுக்க வைத்தாள். கையில் இருந்த மாவு கவரில் ஒட்டியதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

“அட மாமா, ஏரி!” என்றாள்.

அந்தப் பெண்களும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். நிவேதாவுக்கு வீடியோ கால் போட்டோம். அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அங்கிள், உங்க ஊர்ல ஒரு ஏரி இருக்குன்னு ஒருத்தர் கூட எங்கிட்ட சொல்லலையே!”

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அம்மனைச் சொன்னோம், சூரியனைச் சொன்னோம், மாம்பழத்தைச் சொன்னோம். வாசலில் நின்றால் தெரிகிற ஏரியை யாருமே சொல்லவில்லை. தினமும் பார்ப்பதைச் சொல்ல யாருக்குத் தோன்றுகிறது?

உடனே யோசனைகள் கிளம்பிவிட்டன. ஒரு படகு போடலாம் என்றார் குமரவேல். கரையில் ஓரமாக ஒரு அம்மன், சின்னதாக, என்றார் மாமியார். நானும் சும்மா இருப்பேனா? ஒரு நாரை பறந்தால் எப்படி என்றேன்.

சுகந்தி கையைக் காட்டி எல்லோரையும் நிறுத்தினாள். “ஒண்ணும் வாணாம். ஏரி போதும். கீழ ஏரி மார்க்குன்னு பெருசா எழுதும்மா நிவேதா. என் பேரு சின்னதா இருந்தா போதும்.”

அவள் குரலில் அப்படி ஒரு தீர்மானத்தை நான் அதுவரை கேட்டதில்லை. மீதியிருந்த பழைய கவர்கள் எல்லாம் பாகூரின் ஐஸ்கிரீம் பெட்டிகளில் நிம்மதியாகப் படுத்துத் தீர்ந்தன. நிமிர்ந்து நின்றாலும் ஏரியாகவே இருக்கும்படி புதுக் கவர் அச்சாகி, தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் பாயின் நடுத்தட்டுக்குப் போனது.

என்ன ஆயிற்று? அந்த முகம் சுளித்த இளம்பெண்ணே எடுத்துப் போனாள். “ஏரி மாவு இருக்குதா?” என்று வாசலில் இருந்து குரல் வந்தது. ரெஜினா அக்கா மட்டும் வந்து தேடிவிட்டு, “புழு மாவு இல்லியா?” என்று முகம் வாடினார். அது இப்போது வருவதில்லை, இதை எடுத்துப் பாருங்கள் என்று பாய் கொடுத்தனுப்பினார்.

சென்ற சனிக்கிழமை சுகந்தி தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்று வில்லியனூர் வந்தாள். நானும் கூடப் போனேன். பாய் கல்லாவில் இருந்தபடியே கையை உயர்த்தினார்.

“நடுத்தட்டு உனக்குத்தாம்மா. டவுன்காரனுக்கு நேத்தே சொல்லிட்டேன்.”

சுகந்தி என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. “அந்தப் பொண்ணுங்க கிட்ட மொதல்ல சொல்லணும் மாமா,” என்று போனை எடுத்தாள்.

அந்த நேரத்தில்தானா வர வேண்டும்? கதவைத் தள்ளிக்கொண்டு ரெஜினா அக்கா உள்ளே வந்தார். கடை நிறைய ஜனம். நேராக பாயிடம் போனார்.

“பாய், நீ குடுத்த ஏரி மாவு பரவால்ல. நல்லாத்தான் இருக்குது. படமும் லட்சணமா போட்டிருக்கான்.” ஒரு நிமிஷம் நிறுத்தினார். ரயில் நிலையம் வரைக்கும் கேட்கிற குரலில் ஒரு பெருமூச்சு விட்டார். “ஆனா இன்னா சொல்லு... அந்தப் புழு மாவு மாதிரி வருமா?”

சுகந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அழுகை எங்கே முடிந்து சிரிப்பு எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியவில்லை. லோகோ பற்றி இனி யாராவது என்னிடம் ஆலோசனை கேட்டால், ரெஜினா அக்காவின் வீட்டுக்கு வழி சொல்லிவிடுவதாக இருக்கிறேன்!